கார்டில் பிழையில்லை

கழுத்துக்குக் கீழே, தோள்பட்டைகள் சேருமிடத்தில் ஜெஸ்டினுக்கு வலித்தது. நாற்காலியில் உட்கார்ந்தே வந்த வலி. வீட்டில் இதைச் சொல்ல முடியாது. அம்மா நேசராணி நமுனுகுல மலைச்சரிவில் விடிந்ததிலிருந்து தேயிலைக் கூடை சுமக்கிறவள். கூடைக்கயிறு இழுத்து இழுத்து அவள் உச்சந்தலையில் முடி கொட்டி, வழுவழுவென்று ஒரு தடம் விழுந்திருந்தது. அவளிடம் போய், உட்கார்ந்த இடத்தில் முதுகு வலிக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? ஒரு தடவை வாய் தவறிச் சொன்னபோது தங்கை ஜெசீகா சிரித்தாள்.

"ஆமா, நாக்காலி ரொம்பக் கனம்ல."

அதற்குப் பிறகு தைலப் போத்தலை ஆபிஸ் மேசை லாச்சிக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

வெள்ளைக்கல் தோட்டத்து ஆபிஸில் கணினி வேலை அவனுக்கு. தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் அவர்கள் லயத்திலிருந்து ஆபிஸுக்குள் உட்காரப் போன முதல் ஆள். பதுளை டவுனில் நஸீர் நானாவின் கணினிக் கடையில் கோர்ஸ் படித்தான். பெரிய கிளாக்கர் அம்பலவாணர் தோட்டத்து மேனேஜர் தொரையிடம் பேசி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். லயத்தில் ரேடியோ பேசாவிட்டாலும் போன் செத்துப்போனாலும் அவனிடம்தான் கொண்டுவருவார்கள். சரிசெய்யத் தெரிந்ததைச் செய்வான். தெரியாததை, "இது இனி சரிவராது, கெட்டுப் போச்சு" என்று திருப்பிக் கொடுப்பான். எனக்குத் தெரியாது என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

தோட்டத்துக்குக் கார்டு வந்தது போன வருடம், இரண்டாயிரத்து ஆறில். அதற்கு முன்னால் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை வீரய்யா தராசைப் பார்த்து வாயால் ஒரு எண்ணைச் சொல்வார். அதுதான் எடை. ஈரத்துக்குக் கழிவு, கூடைக்குக் கழிவு, முற்றின இலைக்குக் கழிவு. ஒருத்தி எதிர்த்துக் கேட்டால் அவளுக்கு மறுநாள் கழிவு கூடும். போட வேண்டிய கிலோ வராவிட்டால் அன்றைக்குப் பாதிக் கூலி, அரைப்பேர் என்பார்கள். கார்டு வந்த பிறகு அந்தக் கதை நின்றது. தராசோடு ஒரு பெட்டி. அதில் ஒவ்வொருத்தியும் தன் கார்டைச் செருக வேண்டும். எடை நேராகக் கார்டுக்குள் போய்விடும். வீரய்யா வாயைத் திறக்கத் தேவையில்லை. சனிக்கிழமை ஆபிஸ் ஜன்னலுக்கு வந்து கார்டை நீட்டினால் ஜெஸ்டின் அதை மேசையிலிருக்கும் சின்னக் கருவியில் செருகுவான். வாரத்துக் கிலோவெல்லாம் கணினியில் வந்து விழும். பெண்கள் அந்தக் கார்டைத் தாலியைப்போல நெஞ்சோடு வைத்துக்கொண்டார்கள். கார்டு அவர்கள் கையிலிருந்த வரைக்கும் அவர்களுடைய கிலோவும் அவர்கள் கையில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை கருவியில் விளக்கு எரியவில்லை.

முந்தின நாள் கணினிக்குள் வைரஸ் புகுந்திருந்தது. ஜெஸ்டின் யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினான். சம்பளக் கணக்குகளை முன்கூட்டியே பிரதி எடுத்து வைத்துக்கொண்டான். வேலை முடிந்து அம்பலவாணரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தான். காலையில் கார்டுக் கருவியை மாட்டியபோதுதான் தெரிந்தது. திரையின் மூலையில் ஒரு செய்தி வந்து, சீடியைப் போடு என்று கேட்டது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தான். கருவியின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு கேள்விக்குறி. கருவி மாட்டப்பட்டிருக்கிறது, ஆனால் அதனோடு பேசக் கணினிக்குத் தெரியவில்லை. பேச வைக்கிற டிரைவர் பழைய விண்டோஸோடு சேர்ந்து அழிந்துவிட்டது. கருவியோடு வந்த சீடியில் அது இருக்கும்.

லாச்சியைத் திறந்தான். தைலப் போத்தல் இருந்தது. சீடி இல்லை.

சீடி எங்கே என்று அவனுக்கு உடனே ஞாபகம் வந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டில் இயேசு பாலன் குடில் கட்டியபோது, மின்னுகிற பொருள் வேண்டுமென்று ஜெசீகா கேட்டாள். ஆபிஸில் தேவையில்லாத சீடிகளைப் பொறுக்கி எடுத்துப் போனான். ஏற்ற வேண்டியதை ஏற்றியாயிற்று, இனி இது எதற்கு என்று அந்தச் சீடியையும் அவற்றோடு சேர்த்து எடுத்தான். குடிலுக்கு மேலே நூலில் தொங்கவிட்டபோது மெழுகுதிரி வெளிச்சத்தில் எல்லாவற்றையும்விட அதுதான் நன்றாக மின்னியது.

ஜன்னலுக்கு வெளியே மழை. பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். முன்னால் காத்தாயி. லயத்தில் பக்கத்துக் காம்பிராக்காரி, அடுத்த அறையில் குடியிருப்பவள். அந்த மலையில் அவளுக்குச் சமமாகக் கொழுந்து எடுக்கிற கை கிடையாது. சின்ன வயதிலிருந்து அவன் அவளை அத்தை என்றும், அவள் அவனை மருமகனே என்றும்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"என்னா மருமகனே, பெட்டி இன்னும் தூக்கத்துல இருக்கா? ஒரு பிளேன்ட்டி ஊத்திக் குடு, எந்திரிச்சிரும்."

பின்னால் சிரிப்பு. ஜெஸ்டினும் சிரிக்கப் பார்த்தான். அவளுடைய கார்டை வாங்கிச் செருகினான், எடுத்தான், மறுபடி செருகினான். இருட்டுக் கருவிக்குள் கார்டைச் செருகுவதில் பயனில்லை என்று தெரிந்தும் செருகினான்.

அம்பலவாணர் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆபிஸிலேயே தலை நரைத்தவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்டார்.

"என்ன தம்பி, இன்னும் சரிவரேல்லையோ? சனம் மழையிலை நிக்குது. நேற்று எல்லாம் புதிசா ஏத்திப்போட்டன் எண்டு சொன்னீர்."

நேற்று புதிதாக ஏற்றியதால்தான் இன்று வேலை செய்யவில்லை என்று சொல்லியிருக்கலாம். சீடியை வீட்டுக்குக் கொண்டு போனேன், மன்னிச்சுக்கங்க என்றும் சொல்லியிருக்கலாம். அவன் வாயிலிருந்து வேறு வந்தது.

"கொம்பியூட்டர்ல ஒண்ணுமில்லைங்க ஐயா. கார்டுதான் பழுது. இவங்க வெத்திலப் பையில, சட்டைக்குள்ளன்னு வைக்கிறாங்க. வேர்வையும் சுண்ணாம்பும் பட்டு உள்ள கெட்டுருச்சு."

யோசித்துச் சொன்ன பொய்யல்ல. அந்த ஆபிஸில் எது கெட்டாலும் சொல்கிற பேச்சு அது. குழாய் உடைந்தால் லயத்துச் சனம் உடைத்தது. ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்தால் லயத்துச் சனம் தின்று தீர்த்தது. நாற்காலியில் உட்கார்ந்து பழகிய வாய் தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்தது. அவன் பிறந்த லயமும் அதுதான் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

"எல்லாக் கார்டுமோ?" என்றார் அம்பலவாணர்.

"நெறையக் கார்டுங்க ஐயா."

அவருக்குக் கணினியைப் பற்றித் தெரியாது. அவனை நம்பினார். நம்பித்தான் வேலைக்கே எடுத்தார். தொரையிடம் போய் அவன் சொன்னதையே சொன்னார்.

திங்கட்கிழமைப் பெரட்டில் அது வெடித்தது. பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பிரித்துவிட எல்லாரும் வந்து நிற்கிற இடம். ஆணும் பெண்ணும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பிரா ஆயாவும் செடிக்கு மருந்தடிக்கிற பொடியன்களும் எல்லாரும் நிற்பார்கள். அங்கே ஒருத்திக்கு நடந்தது மத்தியானத்துக்குள் தோட்டத்தின் மூன்று டிவிசனுக்கும் போய்விடும். கார்டுகளை வாங்கி வைக்க ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொடுத்து ஜெஸ்டினை அனுப்பியிருந்தார்கள். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோவிலில் காணிக்கை எடுக்கிறவனைப்போல நின்றான்.

வீரய்யாவுக்கு அன்றைக்குக் குரல் நன்றாக எடுத்தது.

"கம்பெனி எவ்ளோ செலவழிச்சு கார்டு குடுத்துச்சு. அத வச்சிருக்கத் தெரியுதா ஒங்களுக்கு? வெத்தில எச்சிலயும் சுண்ணாம்பயும் பூசி நாசமாக்கிப் போட்டீங்க. இனிமே கார்டு ஆபிஸ்ல இருக்கும். நிறுக்கறப்ப நான் தருவேன். எல்லாம் வெளிய எடுங்க. ஒவ்வொருத்தியா வாங்க."

பெண்கள் திரும்பி நின்று சட்டைக்குள்ளிருந்து கார்டை எடுத்தார்கள். ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேசராணியும் எடுத்தாள். மகன் கையிலிருந்த பெட்டிக்குள் போட்டாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

காத்தாயி வந்தாள். பால்மா பைக்கற்றை வெட்டி உறைபோலத் தைத்து அதற்குள் வைத்திருந்தாள். உறையிலிருந்து எடுத்தபோது கடையிலிருந்து வந்ததுபோலப் பளபளத்தது கார்டு.

"இந்தாங்க. இதுல எங்க சுண்ணாம்பு இருக்குன்னு காட்டுங்க பாப்பம்."

"சுருக்குப்பைய அவிழு," என்றார் வீரய்யா.

"கார்டு பையில இல்லீங்களே. கையில இல்ல இருக்கு."

"அவிழுன்னா அவிழு!"

அவள் அவிழ்க்கவில்லை. அவளுக்கும் அவருக்கும் பழைய கணக்கு. கார்டு வருவதற்கு முன்னால் கழிவைப் பற்றிச் சத்தம் போட்ட ஒரே ஆள் அவள். வீரய்யா கையை நீட்டி அவள் இடுப்பிலிருந்து பையை இழுத்துப் பிடுங்கி, தலைகீழாக உதறினார். வெற்றிலை விழுந்தது. பாக்குத் துண்டு, சுண்ணாம்பு டப்பி. கடைசியாக, மடித்துச் சுருட்டிய ஒரு பழந்துணித் துண்டு ஈரத்தரையில் விழுந்து பிரிந்தது. எதற்குள்ள துணி என்று பெண்களெல்லாருக்கும் தெரியும். மலையில் அதற்கு ஒதுங்க இடம் கிடையாது. கொண்டு போகத்தான் வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஆண்களுக்கும் தெரிந்துவிட்டது. மருந்தடிக்கிற பொடியன்கள் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டது, பிறகு அடக்கின சிரிப்பு.

வீரய்யாவே ஒரு நிமிடம் தடுமாறினார். பிறகு சுண்ணாம்பு டப்பியைக் காலால் தட்டி, "இந்தா, இதுதான். பாத்தீங்கல்ல?" என்றார்.

காத்தாயி குனிந்து முதலில் துணியை எடுத்தாள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஜெஸ்டினைப் பார்த்தாள்.

"தம்பி, நீ படிச்ச புள்ள. நீ சொல்லு. என் கார்டு கெட்டா இருக்கு?"

கையிலிருந்த கார்டைப் பெட்டியில் போட்டாள். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் அதை எடுத்துத் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"கண்ணுக்குத் தெரியாது, அத்தை. உள்ளுக்குப் போயிருக்கும்."

காத்தாயி துணியை இடுப்பில் செருகினாள். சுண்ணாம்பு டப்பியைக்கூட எடுக்காமல் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா அடுப்பூதிக்கொண்டே கேட்டாள்.

"நெசமாவே கார்டுதான் கெட்டுச்சா?"

"ஆமா."

"என்னுதுமா?"

"எல்லாந்தான்ம்மா. சும்மா நோண்டாத."

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "காத்தாயி மத்தியானம் சோத்தத் தொறக்கல. பொட்டலத்த அப்படியே திருப்பிக் கொண்டாந்துட்டா. நான் பேச்சுக் குடுத்தேன். நீங்க ஆபிஸ்காரரோட அம்மா, தள்ளி நில்லுங்கன்னுட்டா."

ஜெஸ்டின் எழுந்து லயத்துக்குப் பின்னால் போனான். அங்கே அம்மாவின் போஞ்சிப் பாத்தி. நத்தார் முடிந்ததும் குடிலைப் பிரித்து, சீடிகளை அவள் போஞ்சிக் கம்புகளில் கட்டிவிட்டிருந்தாள். காற்றில் சுற்றி மின்னினால் குருவி அண்டாது. லயத்தில் பாதிப் பாத்திகளில் இப்படித்தான். ஒவ்வொரு கம்பாகப் பார்த்துக்கொண்டு போனான். கடைசி வரிசையில் அந்தச் சீடி தொங்கியது. எழுத்தில் பாதி மழையில் போயிருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது வெள்ளிப்பூச்சு உரிந்து, புழு அரித்த இலைபோல ஓட்டை ஓட்டையாக வானம் தெரிந்தது.

திரும்பினான். ஜெசீகா வாசலில் நின்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் ஓ லெவல் பரீட்சை எழுதப் போகிறவள், ஒன்றும் தெரியாதவள் அல்ல.

"அந்தச் சீடியத்தான் தேடுனியா?"

"ஒன் வேலயப் பாரு."

"அண்ணே, இது குடில்ல தொங்கினது. நீதான் கொண்டாந்தே." அவள் அவன் கையிலிருந்த சீடியைப் பார்த்தாள். "அப்ப அந்தப் பொம்பளைய எதுக்கு அப்படி நாறடிச்சாங்க?"

அவன் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

மறுநாள் ஆபிஸில் அந்தச் சீடியைப் போட்டுப் பார்த்தான். உள்ளே கரகரவென்று அரைத்துவிட்டு வெளியே துப்பியது. துடைத்துப் போட்டான், மறுபடி துப்பியது. கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, டவுனில் சாமான் வாங்க வேண்டும் என்று அம்பலவாணரிடம் சொல்லிவிட்டுப் பதுளைக்கு பஸ் ஏறினான். இறங்குகிற வரைக்கும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான்: கார்டு கெட்டிருக்கலாம், டிரைவரும் ஒருவேளை போயிருக்கலாம், இரண்டும் சேர்ந்து இருக்கலாம்.

நஸீர் நானா கடையில் பிரின்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆ, வாங்க மாஸ்டர்! தோட்டத்து ஆபிஸுக்குப் போனதும் நம்மள மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். என்ன, கழுத்து ஒரு பக்கமா நிக்குது?"

"ஒண்ணுமில்ல நானா." கருவியை எடுத்து வைத்தான். "இதுக்கு டிரைவர் வேணும்."

"சீடி?"

"தொலைஞ்சு போச்சு."

நஸீர் நானா கருவியைப் புரட்டினார். அடியில் ஒட்டியிருந்த தாளில் எழுத்து தேய்ந்திருந்தது. "பேரும் இல்ல ஊரும் இல்ல. பரவால்ல," என்று தன்னுடைய கணினியில் மாட்டினார். அங்கேயும் அதே மஞ்சள் கேள்விக்குறி. "கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தனே, ஞாபகமா? பேர் தெரியாத சாமானா இருந்தா அதுக்கிட்டயே கேளு." அதன் மேல் அழுத்தி உள்ளே போனார். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஒரு குறி வந்தது. செய்த கம்பெனியும் சாமானின் வகையும் அதற்குள் இருக்கிறது. அதை அப்படியே இன்டர்நெற்றில் அடித்துத் தேடினார். சீனத்துப் பக்கம் ஒன்று வந்தது, ஏமாற்றுப் பக்கங்கள் சில வந்தன, கடைசியில் சரியானது வந்தது. இறக்கப் போட்டார். போன் வழியாக வருகிற இன்டர்நெற். நத்தைபோல ஊர்ந்தது. பாதியில் கடைக்கு யாரோ போன் எடுக்க, அறுந்துபோனது. மறுபடி முதலிலிருந்து.

காத்திருக்கும்போது நஸீர் நானா கேட்டார்.

"எப்ப இருந்து வேல செய்யல்ல?"

"சனிக்கிழம இருந்து. வெள்ளிக்கிழம ஃபோர்மட் பண்ணினேன்."

"அப்ப வேற என்ன? சரியாத்தானே விளங்குது."

"இல்ல நானா... கார்டுகளும் கெட்டிருக்குமோன்னு. சுண்ணாம்பு பட்டு..."

நஸீர் நானா பிரின்டரிலிருந்து தலையைத் தூக்கினார். "கருவியில லைட்டே எரியல்ல. கார்டு கெட்டிருக்குன்னு எத வச்சுச் சொல்ற? சுண்ணாம்பு பட்டா ஈரத்துணியால துடைச்சா முடிஞ்சு போச்சு. எந்த மடையன் சொன்னான் ஒனக்கு இத?"

ஜெஸ்டின் கருவியின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

நஸீர் நானா அவனையே பார்த்தார். பிறகு பிரின்டருக்குள் திரும்பவும் கையை விட்டார். டிரைவர் இறங்கி முடிந்ததும் பென்டிரைவில் போட்டுக் கையில் கொடுத்தார். வாசலில் வைத்து, "போ, மொதல்ல போய்ச் சரியாக்கு," என்று மட்டும் சொன்னார். எதைச் சரியாக்க என்று அவன் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் டிரைவரை ஏற்றினான். மஞ்சள் கேள்விக்குறி மறைந்தது. ஆனாலும் தோட்டத்துக் கணக்குப் புரோகிராம் கருவியைக் காணவில்லை என்றே சொன்னது. ஒரு நிமிடம், அப்படியென்றால் கார்டுதானோ என்று மனதில் ஒரு ஆசை எழுந்தது. அது ஆசைதான் என்று அவனுக்கே தெரிந்தபோது காது மடல் சுட்டது. விண்டோஸுக்குள் பின்னால் ஓடுகிற வேலைகளின் பட்டியலைத் திறந்தான். கார்டு வேலைக்கென்று ஒன்று இருந்தது, நிறுத்திக் கிடந்தது. அதை ஓடவிட்டான். இனி தானாகவே ஓடும்படி மாற்றினான். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

சப்பாத்துப் பெட்டியைத் திறந்து கைக்கு வந்த கார்டைச் செருகினான். கிலோ வந்தது. அடுத்தது, வந்தது. அம்மாவுடையது, வந்தது. எச்சில் கறை பட்ட கார்டு ஒன்று இருந்தது, அதுவும் வந்தது. மூலை வளைந்ததும் வந்தது. காத்தாயியின் கார்டைக் கடைசியாகச் செருகினான். மற்ற எல்லாரையும்விட அவளுக்குத்தான் கிலோ கூட. ஒவ்வொன்றாகத் திரையில் விழ விழ, யாரோ பின்னால் நின்று தலையில் குட்டிக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. பெட்டியில் ஒரு கார்டுகூடக் கெட்டிருக்கவில்லை.

அம்பலவாணரிடம் போனான்.

"ஐயா, சரியாகிருச்சு."

"அப்பாடா. என்ன செய்தனீர்? துடைச்சனீரோ?"

"துடைக்கலீங்க." சப்பாத்துப் பெட்டியை அவர் மேசையில் வைத்தான். "கார்டுல பிழை இல்லீங்க ஐயா. நான் புதுசா ஏத்தினப்ப டிரைவர் அழிஞ்சு போச்சு. சீடிய நான்தான் வீட்டுக்குக் கொண்டு போய்ப் பழுதாக்கிட்டேன். அந்தப் பொம்பளைக மேல ஒரு தப்பும் இல்ல."

அம்பலவாணர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டுவார் என்று நின்றான். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அது திட்டையும்விட மோசமாக இருந்தது.

"தம்பி, நான் துரையிட்டைச் சொன்னது என்ன? கார்டிலை பிழை எண்டு. துரை கொழும்புக்கு எழுதிப்போட்டார், சனம் பழுதாக்கிப்போட்டுது எண்டு. இப்ப நான் போய், இல்லை, எங்கடை பெடியன்தான் எண்டால் உம்மடை வேலை போகும். உம்மை எடுத்தது ஆர் எண்டு என்னையும் கேப்பினம்."

"அப்ப என்னாங்க ஐயா செய்யிறது?"

"மருந்து போட்டுத் துடைச்சனாங்கள், இப்ப வேலை செய்யுது எண்டு சொல்லுவம். ஒருத்தருக்கும் நட்டமில்லை."

"அந்தக் காத்தாயியம்மா..."

"நடந்தது நடந்து போச்சு. வீரய்யா செய்தது பிழைதான், அவனுக்கு நான் சொல்லுறன்." அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவராலும் முடியவில்லை. "கொம்மா கூடை சுமக்கிறா. யோசிச்சு நடவும்."

ஜெஸ்டின் தலையாட்டினான். ஆட்டாமலும் இருந்திருக்கலாம்.

அடுத்த பெரட்டில் வீரய்யா சொன்னார்: "நம்ம நேசராணி மகன் பதுள வரைக்கும் போய் மருந்து வாங்கியாந்து கார்டெல்லாம் சுத்தம் பண்ணியிருக்கு. லயத்துப் புள்ளன்னா இப்படி இருக்கணும். ஒரு நன்றியாவது சொல்லுங்கடி." சில பெண்கள் நன்றி சொன்னார்கள். ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். கார்டுகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவை இனி வீரய்யாவின் பெட்டியில்தான் இருக்கும். நேசராணி மகனைப் பார்த்தாள். இந்தத் தடவை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே ஜெசீகா அவளிடம் சொல்லிவிட்டாள் என்பது தெரிந்தது. வீட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தின்றிருப்பான்.

சாயங்காலம் பீலியடிக்குப் போனான். மலையிலிருந்து மூங்கில் குழாயில் தண்ணீர் விழுகிற இடம் அது. வேலை விட்டு வருகிற பெண்கள் அங்கேதான் கைகால் கழுவுவார்கள். மற்றவர்கள் போகிற வரைக்கும் தள்ளி நின்றான். காத்தாயி கல்லில் உட்கார்ந்து கணுக்காலில் அட்டை கடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை."

"சொல்லுங்க," என்றாள். மருமகனே என்று சொல்லவில்லை, தம்பி என்றும் சொல்லவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். குடிலில் தொங்கிய சீடி, அழிந்துபோன டிரைவர், ஜன்னலில் சொன்ன பொய், பெரட்டில் அவள் கார்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்ன இரண்டாவது பொய். டிரைவர் என்றால் என்ன என்று விளக்கப் பார்த்தான், பாதியில் விட்டுவிட்டான். அவள் காலைத் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"என் மேல கோவமா, அத்தை?"

"கோவமா?" அவள் ஒரு தரம் சிரித்தாள். "காம்பிராவுல புருசன் கேக்குறான், நீ என்னாத்தயெல்லாம் இடுப்புல கட்டிக்கிட்டுப் போறேன்னு. அந்த மருந்தடிக்கிற பயலுவ நான் போனா இருமுறானுங்க. மக இஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது. இதுல கோவம் எங்கருந்து வர?"

"மன்னிச்சிருங்க அத்தை. தெரியாம..."

"தெரிஞ்சுதான் சொன்னீங்க." அவள் எழுந்து சேலையை உதறினாள். "இத ஏன் இங்க வந்து சொல்றீங்க? இந்தப் பீலியடியிலயா என் பையக் கொட்டினாங்க? ஒருத்தரும் இல்லாத எடத்துல மன்னிப்புக் கேட்டா அது எனக்கில்ல, ஒங்களுக்கு. நீங்க ராத்திரி தூங்கிக்குவீங்க. பெரட்டுல சொல்லுங்க. கொட்டின எடத்துல. வீரய்யா இருக்கணும், அந்தப் பயலுவ இருக்கணும். அங்க சொன்னா கார்டும் எங்க கைக்கு வரும், எம் மொகமும் வரும்."

"வேல போயிரும், அத்தை."

"போகும்," என்றாள். மறுத்துச் சொல்லவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

மறுநாள் காலை அவன் பெரட்டுக்குப் போனான். ஆபிஸுக்குப் போகிறவன் பெரட்டில் நிற்கத் தேவையில்லை. ஆனாலும் போய், பெண்கள் வரிசைக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்படி நின்றான். என்ன சொல்ல வேண்டும் என்று இரவெல்லாம் அடுக்கி வைத்திருந்தான். சின்ன வார்த்தைகள்தான். வீரய்யா ஆட்களை மலைக்குப் பிரித்துக்கொண்டே வந்தவர் அவனைக் கண்டு நிறுத்தினார்.

"என்னா தம்பி, ஆபிஸ்ல என்னமும் சொல்லச் சொன்னாங்களா?"

எல்லாரும் திரும்பினார்கள். மருந்தடிக்கிற பொடியன்கள், ஆயா, நேசராணி. காத்தாயி கூடைக்கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டே பார்த்தாள். நேரம் இருந்தது. வீரய்யா காத்துக்கொண்டுதான் நின்றார்.

"இல்லீங்க," என்றான் ஜெஸ்டின். "சும்மா வந்தேன்."

பெண்கள் மலைக்கு ஏறிப் போனார்கள். நேசராணி கடைசியில் போனாள். அவன் ஆபிஸுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். கருவியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கார்டு கெடவில்லை, தவறு என்னுடையது என்று பெரட்டுக்களத்தில் எல்லார் காதிலும் விழும்படி காத்தாயியிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு அவன் பேரில் கடனாக நிற்கிறது. அதை அவன் இன்னும் கேட்கவில்லை.